விசா முடியும் திகதியும் உங்கள் சம்பளப் பட்டியலும்

மெல்பேண், சிட்னித் தமிழ் வர்த்தகர்களுக்கும் சங்கங்களின் செயற்குழுவினருக்கும் கோயில் நிர்வாக சபையினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நான் டண்டினோங் பக்கம் இருக்கும் ஒரு கணக்காளன். உங்களைப் போன்ற பலருடைய கடைக் கணக்கும் சம்பளக் கணக்கும் என் மேசைக்கு வந்து போகின்றன. ஒருவரின் வியாபாரத்தை இன்னொருவரிடம் கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இந்த மடலிலும் யாருடைய பெயரும் வராது. ஆனால் பிரிட்ஜிங் விசாவில், அதாவது ஒரு முடிவு வரும்வரை தற்காலிகமாகத் தங்க மட்டும் விடும் விசாவில், இருக்கும் எங்கட ஆக்களை நாங்கள் நடத்தும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகக் கதைக்க வேண்டியிருக்கிறது. அமைச்சருக்கு ஆங்கிலத்தில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்குத்தான் யாரும் எழுதுவதில்லை.

அவர்களின் விசாவைப் புதுப்பித்துக் கொடுப்பது கன்பராவின் வேலை. அதில் உங்களாலும் என்னாலும் செய்யக்கூடியது குறைவு. ஆனால் ஒரு விசா முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியில் ஒருவர் தன் வேலையை இழப்பாரா, அது அவருக்காகக் காத்திருக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீங்கள்தான். இந்த மடலில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும். 2012ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் இருந்து 6000க்கும் மேற்பட்டவர்கள் படகில் இங்கே வந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, இனிப் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் குடியமர்த்தப்படமாட்டார்கள் என்று அன்றைய பிரதமர் கெவின் ரட் அறிவித்தார். அதற்கு முன் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தடுப்பு முகாமில் இருந்து பிரிட்ஜிங் விசாவில் வெளியே விடப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு முதல் சில வருடங்கள் வேலை செய்யவே அனுமதி இல்லை. 2014 டிசம்பரில் வந்த சட்டம் அவர்களுக்கு நிரந்தரப் பாதுகாப்பு விசாவுக்கான கதவை மூடிவிட்டு, 3 வருடத் தற்காலிக விசா ஒன்றையும் 5 வருட விசா ஒன்றையும் வைத்தது. விண்ணப்பங்களைப் பார்க்க ‘ஃபாஸ்ட் ட்ராக்’ என்று ஒரு முறையையும் கொண்டுவந்தது. பெயரில் இருந்த வேகம் நடைமுறையில் இருக்கவில்லை. சுமார் 30,000 பேரின் கோப்புகள் அதற்குள் போயின.

2023 பெப்ரவரி 14ஆம் திகதி தொழிற்கட்சி அரசாங்கம் அந்தத் தற்காலிக விசாக்காரர்களுக்கு நிரந்தர வதிவிடம் கொடுக்கும் வழியைத் திறந்தது. சுமார் 19,000 பேர் அதற்குத் தகுதியானவர்கள். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், கோயிலில் அர்ச்சனை செய்தோம், வட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துச் சொன்னோம். ஃபாஸ்ட் ட்ராக்கில் மறுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் அந்த அறிவிப்புக்கு வெளியே நின்றார்கள். ஒரே படகில் வந்த அண்ணனும் தம்பியும்: ஒருவருக்கு இன்று நிரந்தர வதிவிடம், வீட்டுக் கடன், ஊரில் இருந்து மனைவியைக் கூப்பிடும் உரிமை, மற்றவருக்கு ஆறு மாத பிரிட்ஜிங் விசா. இப்படியான வீடுகள் டண்டினோங்கிலும் இருக்கின்றன, துங்காபி, பெண்டில் ஹில் பக்கமும் இருக்கின்றன. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

“கேஸ் றிஜெக்ட் ஆன ஆக்கள் திரும்பிப் போகத்தானே வேணும்?” என்று உங்களில் சிலர் கேட்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். சரி, அதற்கும் பதில் சொல்கிறேன். ஃபாஸ்ட் ட்ராக்கில் மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை மீளாய்வு செய்தது ஒரு தனி அமைப்பு. அங்கே வழமையாக ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. கோப்பில் இருக்கிற கடுதாசியைப் பார்த்து முடிவு. புதிய ஆதாரம் கொடுப்பதென்றால் விசேட காரணம் காட்ட வேண்டும். ஊரில் முகாமில் சித்திரவதைப்பட்டவன் இங்கே முதல் நேர்முகத்தில் எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்லவில்லை என்றால் அவ்வளவுதான். இந்த முறை நியாயமில்லை என்று தொழிற்கட்சியே எதிர்க்கட்சியில் இருந்த காலம் தொட்டுச் சொல்லிவந்தது. 2024 ஒக்டோபரில் புதிய தீர்ப்பாயம் தொடங்கியபோது அந்த மீளாய்வு அமைப்பை ஒழித்தும்விட்டது. ஆனால் அது கொடுத்த தீர்ப்புகளை ஒழிக்கவில்லை. பிழையான தராசு என்று சொல்லித் தராசை எறிந்துவிட்டார்கள், அது காட்டிய நிறையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘றிஜெக்ட் ஆன ஆக்கள்’ என்று சொல்வதற்கு முன் எதில் றிஜெக்ட் ஆனார்கள் என்று ஒருக்கால் கேளுங்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கடையில் வேலை செய்பவரிடம் இருப்பது பிரிட்ஜிங் விசா ஈ, சப்கிளாஸ் 050. பலருக்கு 3 மாதம், 6 மாதம். அதிர்ஷ்டம் இருந்தால் 12 மாதம். முடியுமுன் புதுப்பிக்க விண்ணப்பப் படிவம் 1008 இருக்கிறது. அதற்குக் கட்டணம் ஒரு சதம் கூட இல்லை. ஆனால் படிவம் போட்டால் மட்டும் போதாது, ஏன் இன்னும் இந்த நாட்டில் நிற்கிறாய் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு இருக்க வேண்டும், அல்லது அமைச்சரின் தலையீட்டுக்கான கோரிக்கை இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக ஆயத்தம் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்தவன், பிள்ளை இங்கே பிறந்தவன், வேலைக்குப் போவதற்காகப் “போகப் போகிறேன்” என்று எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை. சிலருக்குத் தாங்களாக விண்ணப்பிக்கும் உரிமையே இல்லை, அமைச்சர் தன் தனி அதிகாரத்தில் தந்தால்தான் உண்டு.

பிறகு வேலை அனுமதி. விசா கிடைத்தாலும் அதில் 8101 என்ற நிபந்தனை ஒட்டியிருந்தால் வேலை செய்ய முடியாது. அதை எடுக்க வேண்டும் என்றால், வேலை செய்யாமல் சீவிக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு, வாடகை ரசீது, கரண்ட் பில் எல்லாம் கொடுக்க வேண்டும். கஷ்டப்பட்டுக் கொஞ்சம் சேமித்து வைத்திருப்பவனுக்கு அந்தச் சேமிப்பே கேள்வியாக வருகிறது. வெறுங்கணக்கைக் காட்டுபவனுக்குத்தான் சுலபம். ஒரு கணக்காளனாக இதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும். காசை வீணாக்காதே, சேர்த்து வை என்று சொல்வதுதானே என் தொழில்?

இதெல்லாம் ஒழுங்காகச் செய்து, நேரத்துக்கு விண்ணப்பித்தவருக்கும் பழைய விசா முடிவதற்குள் புதியது வரும் என்ற உத்தரவாதம் இல்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தகுதி ஆகாது. பழையது முடிந்த நள்ளிரவில் இருந்து அடுத்தது வரும்வரை அவர் விசா இல்லாத ஆள். அந்த நாட்களில் அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகெயரின் நீலநிற இடைக்கால அட்டையின் திகதியும் முடிந்திருக்கும். மருந்து எடுக்கப் போனால் முழு விலை.

அந்த இடைவெளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சாப்பாட்டுக் கடை. கொத்துரொட்டிக்குப் பேர்போன இடம் என்று மட்டும் சொல்லலாம். கொத்துப் போடுபவர் அங்கே பல வருடமாக வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அந்தத் தட்டுக் கொத்தும் சத்தம் கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். ஆட்கள் அந்தக் கைக்காகத்தான் வருகிறார்கள் என்று முதலாளியே எனக்குச் சொல்லியிருக்கிறார். கொத்துப் போடுபவர் விசா புதுப்பிக்க நேரத்தோடு கொடுத்துவிட்டார். முடிவுத் திகதி வந்தது, புதியது வரவில்லை. முதலாளியின் மனைவி, உள்துறைத் திணைக்களத்தின் விசாச் சரிபார்ப்பு இணையத்தளமான வீவோவில் அவருடைய இம்மிகார்ட் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்தார். செல்லுபடியான விசா எதுவும் காட்டவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது சரி, சொல்லத்தான் வேண்டும். பிறகு செய்ததுதான் பிரச்சினை. ஆளையே சம்பளப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது.

வரி அலுவலகத்துக்கு அனுப்பும் சம்பள அறிக்கையில் ஒருவர் வேலையை விட்ட காரணத்தை ஒரு பட்டியலில் இருந்து தேர்வு செய்ய வேண்டும். தானாக விலகல், உடல்நலக் குறைவு, இறப்பு, ஆட்குறைப்பு, பணிநீக்கம், ஒப்பந்தம் முடிவு, இடமாற்றம். இவ்வளவுதான். விசா வரச் சுணங்கியது என்று ஒரு காரணம் அதில் இல்லை. எதைப் போட என்று கேட்டேன். “ஒப்பந்தம் முடிவு எண்டு போடுங்கோ” என்றார் முதலாளி. போட்டேன். அடுத்த கிழமை புதிய விசா வந்தது, வேலை அனுமதியோடு. அதற்குள் அந்த இடத்துக்கு இரண்டு மாணவர்களை எடுத்தாயிற்று. மாணவர் ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் அனுமதி என்பதால் ஒருவரின் வேலைக்கு இருவர். அந்த மனிதர் இப்போது கிளேட்டன் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறார். கடையின் கொத்து எப்படி இருக்கிறது என்று வாடிக்கையாளர்களைக் கேளுங்கள்.

“சட்டம் அப்பிடி, நாங்கள் என்ன செய்யிறது?” என்றார் முதலாளி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விசா இல்லாத நாட்களில் அவரை வேலை வாங்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. வேலையை விட்டு எடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் கடைகளில் அநேகம் பேர் கஷுவல், அதாவது நிலையான நேரம் இல்லாமல் கூப்பிடும்போது வந்து வேலை செய்பவர்கள். கஷுவல் ஆளுக்கு இந்தக் கிழமை ரோஸ்டரில் நேரம் போடாமல் விட்டால் போதும், பெயர் பட்டியலில் இருக்கட்டும். நிரந்தரமாக வேலை செய்பவர் என்றால் இரண்டு பேரும் சம்மதித்துச் சம்பளமில்லாத லீவு என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். சில நாளுக்கு ஒருமுறை வீவோவைத் திறந்து பாருங்கள். அந்தப் பக்கத்தை நாள், நேரத்தோடு சேமித்து வையுங்கள். சோதனை வந்தால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. இவ்வளவுக்கும் உங்களுக்கு ஒரு டொலர் செலவில்லை.

இன்னொரு வகை முதலாளிமாரும் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை விட்டு எடுப்பதில்லை. “விசா வரும்வரைக்கும் பின்னுக்கு நிண்டு செய், கையில தாறன்” என்பார்கள். கேட்க இரக்கம் மாதிரித்தான் இருக்கும். கையில் கொடுப்பது மணிக்கு 12, 13 டொலர். இந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை 1இல் மணிக்கு 24 டொலர் 95 சதமாக ஆனது, கஷுவல் என்றால் அதற்கு மேல் 25 வீதம், ஓய்வூதிய நிதிக்கு 12 வீதம் வேறு. விசா வந்த பிறகும் அந்தக் கைக்காசுக் கணக்கே தொடர்வதையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், “உன்ர விசயம் எனக்குத் தெரியும் தானே” என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு இப்போது சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், ஒருவரின் விசா நிலையைக் காட்டி அவரை விசா நிபந்தனையை மீறி வேலை செய்ய வைப்பதும், மிரட்டிச் சுரண்டுவதும் குடிவரவுச் சட்டத்தின்படி குற்றம். அபராதங்களும் கூட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்திய வருடம் வேலைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்: விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்கான உரிமைகள் அந்தத் தொழிலாளிக்கு உண்டு. ஆகவே விசா இல்லாத நாட்களில் வேலை வாங்கிய காசைக் கொடுக்காமல் தப்பலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த ஆலோசகரை மாற்றுங்கள். என்னிடம் வந்தாலும் அதைத்தான் சொல்வேன். வாடிக்கையாளர் போனால் போகட்டும்.

விசாவில் ஒரு நாள் இடைவெளி என்ன செய்யும் என்பதற்குக் குவீன்ஸ்லாந்தின் பிலோயிலாவைப் பாருங்கள். பிரியாவும் நடேசும் தனித்தனியாகப் படகில் வந்தவர்கள்; இங்கே சந்தித்துக் கலியாணம் செய்து அந்த ஊரில் குடியிருந்தார்கள். நடேசுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பிரியாவின் பிரிட்ஜிங் விசா முடிந்த கையோடு, 2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலையில் எல்லைக் காவல் படையினர் வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு குடும்பத்தையே மெல்பேண் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 2019 ஆகஸ்ட் இறுதியில் நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்றத் தடை உத்தரவால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. 2022இல் ஆட்சி மாறிய பின்தான் அவர்கள் பிலோயிலாவுக்குத் திரும்பினார்கள், அந்த ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது.

எங்கள் சங்கங்களுக்கு இந்தக் கதையில் பிடிக்காத ஒரு பகுதி உண்டு. அந்தக் குடும்பத்துக்காக முதலில் எழும்பியது 6000 பேர் அளவில் இருக்கும் ஒரு மாட்டுப் பண்ணை, நிலக்கரி ஊர். தமிழே தெரியாத சனம். சிட்னியிலும் மெல்பேணிலும் இத்தனை ஆயிரம் தமிழர் இருக்க, ஊர்வலம் போனதும் கையெழுத்துச் சேர்த்ததும் அந்த ஊர்ப் பெண்கள். தமிழர்கள் யாருமே சேரவில்லை என்று சொன்னால் அது அநியாயம். தமிழ் அகதிகள் அவை தொடக்கத்தில் இருந்தே நின்றது, தனி ஆட்கள் பலர் நின்றார்கள். ஆனால் ஆண்டு விழாவுக்கு 1000 பேரைக் கூட்டும் பெரிய சங்கங்களின் மேடைகளில் அந்தப் பெயர் எத்தனை தரம் கேட்டது?

2023இல் பல்லாரட்டில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பத் தலைவர், வேலை அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தவர், சிட்னியில் உள்ள பிரதமரின் தொகுதி அலுவலகம் வரைக்கும் சுமார் 1000 கிலோமீட்டர் நடந்தார். அந்த வருடமே 22 பெண்கள், ஈரானியரும் எங்கள் பெண்களும் சேர்ந்து, மெல்பேணில் இருந்து கன்பராவுக்கு 640 கிலோமீட்டர் நடந்தார்கள். 2024 ஜூலையில் இருந்து மெல்பேண் டொக்லண்ட்ஸில் உள்ள உள்துறை அலுவலகத்துக்கு முன்னாலும், சிட்னி பஞ்ச்போலில் குடிவரவுக்குப் பொறுப்பான அமைச்சர் டோனி பேர்க்கின் அலுவலகத்துக்கு முன்னாலும் நிரந்தர விசா கேட்டு இந்த ஆக்கள் இரவு பகலாகக் கூடாரம் போட்டு இருந்தார்கள். நல்ல குளிர்காலம். அந்த ஆகஸ்டில், சிறுவனாக இங்கே வந்து 11 வருடமாக பிரிட்ஜிங் விசாவிலேயே வளர்ந்த 23 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் மெல்பேணில் உயிரை மாய்த்துக்கொண்டார். இரங்கல் அறிக்கை வந்தது. அறிக்கை எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கூடாரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்கள் யார் என்று பார்த்தால், அநேகமாக அவர்களைப் போலவே விசாவுக்குக் காத்திருந்தவர்கள்.

(டோனி பேர்க் 2013 ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையும் குடிவரவு அமைச்சராக இருந்தவர். பல கோப்புகள் தொடங்கியதும் அவர் காலம், இப்போது காத்திருப்பதும் அவர் மேசையில். இதை யாரும் அவருக்கு நினைவூட்டுவதாகத் தெரியவில்லை.)

எங்களில் பலர் விமானத்தில் வந்தவர்கள். 83 கலவரத்துக்குப் பிறகு மனிதாபிமானத் திட்டத்தில் வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். படிக்க வந்து நின்றவர்கள், தொழில் தகைமையில் வந்தவர்கள் இருக்கிறார்கள். நானும் மாணவனாக வந்தவன்தான். ‘கப்பலில் வந்த ஆக்கள்’ என்று கோயில் வீதியில் ஒரு குரல் தாழ்த்திச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கலியாண விளம்பரத்தில் ‘நிரந்தர வதிவிடம் உள்ளவர் மட்டும்’ என்று போடுகிறோம். அது குடும்ப விசயம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் வேலை, சட்ட உதவி, படிப்பு மூன்றும் குடும்ப விசயம் இல்லை.

படிப்பைப் பற்றி ஒன்று. சின்ன வயதில் பெற்றோரோடு வந்த பிள்ளைகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளிகளில் திருக்குறள் போட்டியில் பரிசெடுத்த பிள்ளைகள்தான். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பிரிட்ஜிங் விசா என்றால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம். அரசாங்கக் கல்விக் கடனும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோருக்கென்று புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன, இடங்கள் கொஞ்சம். பரிசளிப்பு விழாவில் கேடயம் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பாடநூலுக்கும் பயணச் செலவுக்கும் ஒதுக்கினால், சங்கத்தின் வரவு செலவில் பெரிய ஓட்டை விழாது. உங்கள் வரவு செலவு அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒலியமைப்புக்குப் போகும் காசு எவ்வளவு என்றும் எனக்குத் தெரியும்.

கோயில்களிடம் கேட்பது மண்டபம். கரம் டவுன்சிலும் சன்ஷைனிலும் மேய்ஸ் ஹில்லிலும் எங்களுக்கு நல்ல மண்டபங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு பின்னேரம் பதிவுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிவந்து இருத்துங்கள். மெல்பேணில் ரெஃபியூஜி லீகல் இருக்கிறது, ஃபுட்ஸ்கிரேயில் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர் இருக்கிறது, சிட்னியில் ராக்ஸ் இருக்கிறது. அவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள், ஆனால் வரிசை நீளம். அந்த வரிசையைக் குறைக்கக் காசு கொடுங்கள், மொழிபெயர்க்க ஆள் கொடுங்கள். தயவுசெய்து ‘எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஃபோர்ம் நிரப்புவார்’ என்று அனுப்ப வேண்டாம். பதிவில்லாதவர் காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம். கட்டணமே இல்லாத படிவம் 1008ஐ நிரப்ப 500 டொலர் வாங்கியவர்களைப் பற்றி எனக்கு முறைப்பாடு வந்திருக்கிறது. அந்தப் படிவத்தில் நீதிமன்ற வழக்கு இலக்கத்தைப் பிழையாக எழுதி, அதனாலேயே விசா சுணங்கியவர் ஒருவரும் உண்டு. முகவரி மாறினால் இரண்டு வேலைநாள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பலருடைய விசாவில் இருக்கிறது. அறை மாறி அறை மாறி இருக்கும் இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை. இப்படிச் சின்ன விசயங்களைச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த ஒரு பின்னேரம்.

முதலாளிமாருக்குத் திரும்ப வருகிறேன். உங்கள் சம்பள மென்பொருளில் விசா முடியும் திகதிக்கு ஒரு கட்டம் இருக்கும். அந்தத் திகதிக்கு ஆறு கிழமை முன்னதாக நினைவூட்டல் ஒன்றைப் போடுங்கள். ஆளைக் கூப்பிட்டு, “தம்பி, புதுப்பிக்கக் குடுத்திட்டியா? என்ன கடிதம் வேணும்?” என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது அநேகமாக மூன்று: கடைசிச் சில மாதப் பேஸ்லிப்புகள், எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்று கடையின் கடிதத்தாளில் ஒரு பக்கம், விசா வந்ததும் இந்த வேலை இருக்கிறது என்று ஒரு உறுதி. கையில் காசு வாங்கும் ஆளுக்கு இதில் ஒன்றையும் கொடுக்க முடியாது என்பதையும் யோசியுங்கள். வேலை அனுமதி கேட்டுப் போகும்போது அவர் வெறுங்கையோடு நிற்பது அதனால்தான். கடிதம் எழுத ஆங்கிலம் வரவில்லை என்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன், அதற்குப் பில் அனுப்பமாட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இதெல்லாம் செய்தாலும் சிலருக்கு விசா வராமல் போகும். வந்தாலும் 8101 ஒட்டிக்கொண்டு வரும். 2024 நவம்பர் இறுதியில் பாராளுமன்றம் அவசர அவசரமாக நிறைவேற்றிய குடிவரவுச் சட்டங்கள், நாட்டை விட்டு அனுப்பும் அதிகாரங்களைக் கூட்டித்தான் வைத்திருக்கின்றன. ஒரு கடைக்காரரின் கடிதம் அதை மாற்றாது. அதை மாற்றக்கூடியவர்கள் உங்கள் மேடைக்கு வருகிறார்கள்.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தொகுதி எம்.பி.மார் வேட்டி கட்டி, சேலை உடுத்து வருகிறார்கள். பரமட்டா, கிரீன்வே, புரூஸ், ஹோல்ட் தொகுதிகளில் தமிழ் வாக்குக்கு மதிப்பு இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பொன்னாடை போர்த்துகிறோம், பொங்கல் பானையைக் கிண்டவிடுகிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த பொங்கலுக்குப் பொன்னாடையோடு சேர்த்து இரண்டு கேள்விகளையும் கொடுங்கள். ஃபாஸ்ட் ட்ராக்கில் மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளைத் திரும்பப் பார்க்க உங்கள் அரசாங்கம் எப்போது வழி செய்யும்? அதுவரைக்கும் அவர்கள் எல்லோருக்கும் வேலை, படிப்பு, மெடிகெயர் அனுமதியோடு குறைந்தது 12 மாத விசா கொடுக்க என்ன தடை? ஒலிவாங்கியில், எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். மேடைக்குப் பின்னால் காதுக்குள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் எல்லோருமே “நிச்சயம் கவனிக்கிறோம்” என்றுதான் சொல்வார்கள்.

விழாக் குழுக்கள் ஒக்டோபர் வாக்கில் கூடி அழைப்பிதழ் பட்டியல் போடத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்க்க எந்தெந்தச் சங்கம் சம்மதிக்கிறது என்று செயலாளர்மார் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சம்மதிக்காத சங்கங்களும் அதன் காரணத்தை எழுத்தில் அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒருவன்
டண்டினோங், விக்டோரியா